அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லும் சாரிட்டி கேரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் இல்லாமல், அல்லது இருந்தும் போதாமல், ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். வேலை போனவர், சம்பளம் குறைந்தவர், படிக்க வந்தவர், அப்பா அம்மாவை வரவழைத்தவர் என்று ஆள் மாறும், கையில் இருக்கும் பில் மாறாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உதவி இருக்கிறது, சட்டத்திலேயே இருக்கிறது. வருமானம் குறைந்தவருக்கு ஆஸ்பத்திரியே பில்லைக் குறைப்பதோ முழுக்கத் தள்ளுபடி செய்வதோதான் சாரிட்டி கேர், பெரும்பாலும் லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரிகளில். ஆனால் வாய் திறந்து கேட்டால்தான் கிடைக்கும், சில இடங்களில் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கும்.

லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரி என்றால் இலவச ஆஸ்பத்திரியா?

இல்லை. பில் போடுவார்கள், நன்றாகவே போடுவார்கள். அமெரிக்காவில் பொதுமக்கள் போகும் ஐயாயிரத்துச் சொச்சம் ஆஸ்பத்திரிகளில் சுமார் 3,000 இந்த வகைதான். வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் அறக்கட்டளை போலப் பதிவு செய்தவை. மிச்சப்படும் பணத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது, நிறுவனத்துக்குள்ளேயே செலவழிக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். தலைமை அதிகாரிக்கு மில்லியன் கணக்கில் சம்பளம் கொடுக்கலாம், புதுக் கட்டடம் கட்டலாம். பதிலுக்கு அரசு இவர்களிடம் வருமான வரி வாங்குவதில்லை, பெரும்பாலும் சொத்து வரியும் கிடையாது.

அந்தச் சலுகையின் மதிப்பு 2020இல் மட்டும் சுமார் 28 பில்லியன் டாலர் என்று கேஎஃப்எஃப் என்ற சுகாதாரக் கொள்கை அமைப்பு கணக்கிட்டது. அதே ஆண்டு இந்த ஆஸ்பத்திரிகள் சாரிட்டி கேராகக் கொடுத்தது சுமார் 16 பில்லியன். ஆஸ்பத்திரித் தரப்பு, 'மெடிக்கெய்டில் (ஏழைகளுக்கான அரசு இன்ஷூரன்ஸ்) எங்களுக்கு விழும் நஷ்டத்தையும், டாக்டர்களுக்குப் பயிற்சி தரும் செலவையும் சேர்த்துப் பாருங்கள்' என்கிறது. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் வரி கட்டாமல் நடக்கும் ஓர் இடத்தில் தள்ளுபடி கேட்க நீங்கள் கூச்சப்பட வேண்டிய அவசியமே இல்லை என்பதற்கு இந்த இரண்டு எண்களும் போதும்.

ஏழைகளுக்குச் சிகிச்சை தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறதா, அவர்களாகச் செய்கிறார்களா?

இரண்டும் கலந்தது. இவற்றில் நிறைய ஆஸ்பத்திரிகளை ஆரம்பித்ததே கன்னியாஸ்திரிகளும் தேவாலயங்களும் ஊர்க்காரர்களும்தான், ஆகவே பழக்கம் பழையது. வரித்துறை விதி 1956இல் வந்தது: பணம் கட்ட முடியாதவர்களுக்கு உன் சக்திக்கு ஏற்றபடி சிகிச்சை கொடு, அப்போதுதான் வரிவிலக்கு. 1965இல் மெடிக்கேரும் (முதியவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸ்) மெடிக்கெய்டும் வந்ததும், இனி இலவசச் சிகிச்சைக்கு அவ்வளவு தேவை இருக்காது என்ற நினைப்பு பரவியது. 1969இல் அந்த விதியைத் தளர்த்தி, 'சமூகத்துக்குப் பயன்' இருந்தால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். எமர்ஜென்சி எல்லாருக்கும் திறந்திருக்கிறதா, ஆராய்ச்சி நடக்கிறதா, பயிற்சி நடக்கிறதா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வரும். ரொம்ப தாராளமான அளவுகோல் என்பது என் எண்ணம்.

2010இல் வந்த ஒபாமா கேர் சட்டம்தான் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது. அதில் சேர்ந்த 501(ஆர்) பிரிவுதான் உங்களுக்கு வேண்டியது. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பில்லிங் ஆபீஸில் சொன்னால் எதிர்முனையில் குரல் மாறும்.

501(ஆர்) அப்படி என்ன சொல்கிறது?

லாப நோக்கமில்லாத ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் நிதி உதவிக் கொள்கையை (சாரிட்டி கேர் விதிகள்தான்) எழுத்தில் வைத்திருக்க வேண்டும், வெப்சைட்டில் போட வேண்டும், எளிய நடையில் ஒரு சுருக்கமும் விண்ணப்பப் படிவமும் இலவசமாகத் தர வேண்டும். பில்லிலேயே இதைப் பற்றி ஒரு குறிப்பும் போன் நம்பரும் இருக்க வேண்டும், பெரும்பாலும் கடைசிப் பக்கத்திலோ பின்புறத்திலோ பொடி எழுத்தில் கிடக்கும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை சுற்றுவட்டார மக்களுக்கு என்ன தேவை என்று ஆய்வு செய்து வெளியிட வேண்டும், செய்யாவிட்டால் 50,000 டாலர் அபராத வரி.

அடுத்தது விலை. உதவிக்குத் தகுதியானவரிடம் எமர்ஜென்சி சிகிச்சைக்கும் மருத்துவ ரீதியாக அவசியமான சிகிச்சைக்கும், இன்ஷூரன்ஸ் உள்ளவர்களுக்குப் பொதுவாகப் பில்லாகும் தொகைக்கு மேல் வசூலிக்கக் கூடாது. இது ஏன் முக்கியம்? ஆஸ்பத்திரியின் பட்டியல் விலை ஒன்று, இன்ஷூரன்ஸ் கம்பெனி பேரம் பேசி உண்மையில் முடிக்கும் விலை வேறொன்று. உதாரணத்துக்கு, பட்டியல் விலையில் 18,000 டாலர் பில், அந்த ஆஸ்பத்திரியில் இன்ஷூரன்ஸ் உள்ளவர்களுக்குப் பொதுவாகப் பில்லாவது பட்டியல் விலையில் 35 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், தகுதியானவரிடம் 6,300க்கு மேல் கேட்கவே முடியாது. அது மேல்வரம்புதான், பல கொள்கைகளில் அதற்கும் கீழே, பூஜ்யம் வரைக்கும் போகும்.

ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. யார் தகுதியானவர், எவ்வளவு வருமானம் வரை, என்பதை இந்தச் சட்டம் சொல்லவில்லை. அதை ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தானே முடிவு செய்கிறது. அதனால்தான் ஒரே ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் முழுத் தள்ளுபடி கிடைத்தவருக்கு எதிர்த்தெருவில் ஒன்றுமே கிடைக்காமல் போகிறது.

எனக்குக் கிடைக்குமா என்று எப்படிக் கணக்குப் போடுவது?

எல்லாக் கொள்கையும் மத்திய அரசின் வறுமைக்கோட்டை வைத்துத்தான் பேசும். 2025க்கு அலாஸ்கா, ஹவாய் தவிர மற்ற மாநிலங்களில் தனி ஆளுக்கு 15,650 டாலர், நான்கு பேர் குடும்பத்துக்கு 32,150 டாலர். வருஷா வருஷம் ஜனவரியில் மாறும்.

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஆண்டு வருமானம் 50,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 50,000ஐ 32,150ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 155 சதவீதம். 200 சதவீதம் வரை முழு இலவசம் என்று எழுதியிருக்கும் ஆஸ்பத்திரியில் (இப்படி நிறைய உண்டு) இவர்கள் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. ஐம்பதாயிரம் சம்பாதிக்கிறோமே, நம்மைப் போய் ஏழை என்று யார் சொல்லப்போகிறார்கள் என்று விண்ணப்பிக்காமலே விட்டு, கிரெடிட் கார்டில் பில்லைக் கட்டிவிட்டு அந்த வட்டியை வருஷக்கணக்காகக் கட்டுகிறவர்கள் இந்த வரம்புக்குள்தான் இருக்கிறார்கள். முதலில் வகுத்துப் பாருங்கள்.

சில மாநிலங்கள் ஆஸ்பத்திரிகளின் விருப்பத்துக்கு விடாமல் தாங்களே வரம்பு வைத்திருக்கின்றன. கலிபோர்னியாவில் 400 சதவீதம் வரை உள்ளவர்கள் உதவி கேட்கலாம். வாஷிங்டன் மாநிலத்தில் 2022 ஜூலை முதல் பெரிய ஆஸ்பத்திரிகளில் 300 சதவீதம் வரை முழுத் தள்ளுபடி. நியூ ஜெர்சியிலும் மேரிலாண்டிலும் 200 சதவீதம் வரை இலவசம். டெக்சாஸ் வேறு வழியில் போனது, நோயாளிகளிடமிருந்து வரும் நிகர வருமானத்தில் ஒரு பங்கை அறச் சிகிச்சைக்கும் சமூகப் பயனுக்கும் செலவழிக்க வேண்டும் என்று 1993இலேயே சட்டம் போட்டது, ஆனால் அதை வைத்து உங்கள் தனி பில்லுக்குத் தள்ளுபடி கேட்க முடியாது.

சில இடங்களில் வருமானம் மட்டும் பார்க்காமல் சேமிப்பையும் பார்ப்பார்கள். அது கொள்கையிலேயே எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள்.

படிவத்தில் என்னதான் கேட்கிறார்கள்?

மூன்று நான்கு பக்கம் இருக்கும். வீட்டில் எத்தனை பேர், யார் யார், யாருக்கு என்ன வருமானம். கூடவே கடைசி இரண்டு மூன்று சம்பளச் சீட்டு, போன வருஷ வரிக் கணக்கு, சில இடங்களில் பேங்க் ஸ்டேட்மென்ட், முகவரிக்கு ஏதாவது ஒரு ஆதாரம்.

நம் ஆட்கள் சிக்குவது இரண்டு இடத்தில். ஒன்று, வருமானமே இல்லை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவது. காலியாக விட்டால் 'முழுமையாகப் பூர்த்தி செய்யவில்லை' என்று திரும்பி வரும். பூஜ்யம் என்று எழுதுங்கள், யார் வீட்டில் தங்கிச் சாப்பிடுகிறீர்களோ அவரிடம் 'இவர் என் வீட்டில் இருக்கிறார், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், இவருக்கு வருமானம் கிடையாது' என்று கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். இரண்டு, வேலை போனவர்கள் போன வருஷ வரிக் கணக்கை மட்டும் கொடுப்பது. அதில் பழைய சம்பளம்தானே தெரியும்! வேலை நீக்கக் கடிதத்தையும், வேலையின்மைப் படி வாங்கினால் அதன் தாளையும் சேர்த்து, இப்போதைய நிலைமையை நாலு வரியில் விளக்கி எழுதுங்கள்.

எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், அனுப்பிய தேதிக்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். தபாலில் வரவே இல்லை என்று சொல்வது சர்வசாதாரணம்.

பில் வந்து மாசக்கணக்கு ஆகிவிட்டது, கலெக்ஷன் ஏஜென்சியிலிருந்து போன் வருகிறது. இனிமேல் கேட்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். வீட்டுக்கு வந்த பிறகு வரும் முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பத்தை வாங்கிப் பரிசீலித்தே ஆக வேண்டும். அதே பில்லிலிருந்து முதல் 120 நாளுக்கு வழக்குப் போடுவது, சம்பளத்தில் பிடிப்பது, வீட்டின் மேல் பாத்தியதை வைப்பது, கடன் விவரம் பதியும் கிரெடிட் பீரோவுக்குத் தகவல் அனுப்புவது போன்ற கடும் நடவடிக்கை எதுவும் கூடாது, அதற்கப்புறமும் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். வெறுமனே ஒரு ஏஜென்சியிடம் ஃபைலைக் கொடுத்துப் போன் பண்ணச் சொல்வது இந்தத் தடையில் வராது, அதனால்தான் சீக்கிரமே போன் வர ஆரம்பிக்கிறது. பயந்துபோய் 'மாசம் 200 கட்டுகிறேன்' என்று போனிலேயே ஒத்துக்கொள்ளாதீர்கள். நிதி உதவிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியை நேரடியாகக் கூப்பிடுங்கள்.

ஏற்கனவே கட்டிய பணம்? 240 நாளுக்குள் விண்ணப்பித்துத் தகுதி கிடைத்தால், நீங்கள் கட்ட வேண்டியதற்கு மேல் அந்தச் சிகிச்சைக்குக் கட்டியதைத் திருப்பித் தர வேண்டும் (5 டாலருக்குக் கீழே இருந்தால் தர வேண்டியதில்லை).

இன்ஷூரன்ஸ் இல்லை என்று எமர்ஜென்சியில் திருப்பி அனுப்புவார்களா?

அனுப்பக் கூடாது. எம்டாலா என்று கூப்பிடும் 1986ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. மெடிக்கேர் பணம் வாங்கும் ஆஸ்பத்திரி எதுவானாலும், அதாவது கிட்டத்தட்ட எல்லாமே, லாபத்துக்கு நடப்பதும் சேர்த்து, எமர்ஜென்சிக்கு வருகிறவரைப் பரிசோதித்து, ஆபத்து நிலை இருந்தால் நிலைமையைச் சீராக்கிய பிறகுதான் வேறு பேச்சு. விசா, பணம் எதையும் காரணம் காட்டித் தாமதிக்க முடியாது. ஆனால் இது சிகிச்சைக்கான உரிமை மட்டும்தான், பில் பின்னாலேயே வரும். சீரான பிறகு தொடர் சிகிச்சை தர வேண்டும் என்றும் அது சொல்லவில்லை. உடைந்த எலும்புக்குக் கட்டுப் போட்டு அனுப்புவார்கள், அடுத்த மாசம் ஆர்த்தோ டாக்டரைப் பார்ப்பது உங்கள் பாடு.

இன்ஷூரன்ஸ் இருக்கிறது, டிடக்டிபிள் (இன்ஷூரன்ஸ் கொடுக்க ஆரம்பிக்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை) மட்டும் 7,000 டாலர். எனக்குமா?

கேட்டுப் பாருங்கள். நிறையக் கொள்கைகளில் இன்ஷூரன்ஸ் போக மிச்சம் விழும் தொகைக்கும் உதவி உண்டு.

ஆஸ்பத்திரி பில் பூஜ்யமாகிவிட்டது, அப்புறம் எப்படி இன்னும் மூன்று பில் வருகிறது?

எமர்ஜென்சி டாக்டர், ரேடியாலஜிஸ்ட், மயக்க மருந்து டாக்டர் எல்லாரும் அந்தக் கட்டடத்தில் வேலை செய்தாலும் பல இடங்களில் தனிக் கம்பெனியின் ஆட்கள். ஆம்புலன்ஸ் இன்னொரு கணக்கு. ஆஸ்பத்திரிக் கொள்கை இவர்களைக் கட்டுப்படுத்தும் என்று சொல்ல முடியாது. எந்தெந்த டாக்டர்கள் இதில் அடங்குவார்கள், யார் அடங்க மாட்டார்கள் என்ற பட்டியலை ஆஸ்பத்திரி வைத்திருந்தே ஆக வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். அடங்காதவர்களிடம் ஆஸ்பத்திரி தந்த தள்ளுபடிக் கடிதத்தின் நகலை அனுப்பி 'நீங்களும் அதே சலுகை தாருங்கள்' என்று கேட்டால் சிலர் ஒத்துக்கொள்கிறார்கள். கட்டாயம் இல்லை, கேட்பதில் நஷ்டமும் இல்லை.

முதலில் மெடிக்கெய்டுக்கு விண்ணப்பி என்கிறார்களே, எதற்கு?

அவர்கள் கையிலிருந்து போவதற்குப் பதில் அரசுப் பணம் வருமே, அதற்குத்தான். உங்களுக்கும் அதுதான் நல்லது, மெடிக்கெய்ட் கிடைத்தால் அந்த ஒரு பில் மட்டுமில்லை, அடுத்தடுத்த டாக்டர் செலவுக்கும் மருந்துக்கும் ஆகும். ஒபாமா கேர் கொண்டுவந்த மெடிக்கெய்ட் விரிவாக்கத்தை ஏற்ற 40 மாநிலங்களிலும் வாஷிங்டன் டிசியிலும் வறுமைக்கோட்டில் 138 சதவீதம் வரை உள்ள பெரியவர்களுக்கு வழி உண்டு. டெக்சாஸ், ஃப்ளோரிடா, அலபாமா மாதிரி 10 மாநிலங்கள் ஏற்கவில்லை, அங்கே பிள்ளைகள் இல்லாத பெரியவர் எவ்வளவு ஏழையானாலும் பொதுவாகக் கதவு மூடித்தான் இருக்கும். சாரிட்டி கேரின் பாரம் அங்கே கூடுவதற்கு இதுதான் காரணம். நிராகரிப்புக் கடிதம் வந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், சாரிட்டி கேர் படிவத்தோடு அதையும் இணைக்கச் சொல்வார்கள்.

2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி, விரிவாக்கத்தில் வந்தவர்களில் பலர் 2027 தொடக்கத்திலிருந்து மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ காட்ட வேண்டியிருக்கும். இதனால் மெடிக்கெய்டை இழக்கிறவர்கள் வந்து நிற்கப்போவது எமர்ஜென்சி வாசலில்தான்.

இலவசமாகச் செய்ததற்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

பெரிய பங்கு, தனியார் இன்ஷூரன்ஸ் கட்டும் கூடுதல் விலையிலிருந்து. அப்புறம் ஏழை நோயாளிகள் அதிகம் வரும் ஆஸ்பத்திரிகளுக்கு மெடிக்கெய்ட் வழியாக வரும் தனி நிதி. 1992இல் வந்த 340பி திட்டம் இன்னொன்று: தகுதியுள்ள ஆஸ்பத்திரிகளும் கிளினிக்குகளும் மருந்தைத் தள்ளுபடி விலையில் வாங்கி, இன்ஷூரன்ஸிடம் வழக்கமான விலையை வாங்கிக்கொள்ளலாம், அந்த வித்தியாசம் அவர்களுக்கு. அதை ஏழைகளுக்குத்தான் செலவழிக்கிறார்களா என்று மருந்துக் கம்பெனிகளும் ஆஸ்பத்திரிகளும் ஓயாமல் மல்லுக்கட்டுகிறார்கள். நன்கொடையும் உண்டு, ஆனால் சுவரில் பெயர் பொறித்திருப்பதைப் பார்த்து நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை.

எந்த ஆஸ்பத்திரி எவ்வளவு செய்தது என்று பார்க்க ஆசை என்றால், வரித்துறைக்கு அவர்கள் கொடுக்கும் படிவம் 990இல் ஷெட்யூல் எச் என்ற பகுதியைப் பாருங்கள், பொதுவில் கிடைக்கும். அதில் 'சாரிட்டி கேர்' ஒரு வரி, 'வராக்கடன்' இன்னொரு வரி. வராக்கடனாக எழுதியதில் ஒரு பகுதி, விண்ணப்பித்திருந்தால் இலவசமாகியிருக்கக் கூடியவர்களுடையது என்று பல ஆஸ்பத்திரிகள் தங்கள் கணக்கிலேயே ஒப்புக்கொள்கின்றன. எனக்கு இதில் ஆத்திரம் வருவது அந்த இடத்தில்தான்.

சர்க்கரை, பிரஷர் மாதிரி தொடர் வியாதிக்கு எங்கே போவது?

எமர்ஜென்சிக்குப் போகாதீர்கள். அரசு நிதி பெறும் சமுதாய மருத்துவ மையங்கள் நாடெங்கும் சுமார் 1,400 அமைப்புகளாக இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் பல கிளைகள். 1965இல் பாஸ்டனில் கொலம்பியா பாயிண்ட் என்ற இடத்தில் ஆரம்பித்தது இந்த வழக்கம். வருமானத்தைப் பார்த்துக் கட்டணம்: வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால் பெயரளவுக்கு ஒரு தொகை அல்லது ஒன்றுமே இல்லை, 200 சதவீதம் வரை படிப்படியாகத் தள்ளுபடி. பணம் இல்லை என்று திருப்பி அனுப்ப அவர்களுக்கு அனுமதியே கிடையாது. பல இடங்களில் பல் டாக்டரும் மனநல ஆலோசனையும் ஒரே கூரையில் கிடைக்கும். மருந்தும் அங்கே சல்லிசாக இருக்கும், காரணம் அதே 340பி.

அப்பா அம்மா விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு?

நேர்மையாகச் சொன்னால் கஷ்டம். எம்டாலா அவர்களுக்கும் பொருந்தும், சிகிச்சை கிடைக்கும். ஆனால் நிறைய நிதி உதவிக் கொள்கைகள் 'இந்த வட்டாரத்தில் வசிப்பவர்' என்று நிபந்தனை போடுகின்றன, மெடிக்கெய்டும் அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான். அந்த நிபந்தனை இல்லாத கொள்கைகளும் உண்டு, ஆகவே படித்துப் பார்க்காமல் கைவிட வேண்டாம். ரொக்கம் கட்டுகிறவர்களுக்கான தள்ளுபடி தனியாக உண்டா என்றும் கேளுங்கள். முன்கூட்டியே திட்டமிட்ட சிகிச்சை என்றால், 2022 ஜனவரி முதல் இன்ஷூரன்ஸ் இல்லாதவர்களுக்கு எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும், அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ பில் ஏறினால் முறையாக எதிர்க்கலாம்.

சாரிட்டி கேர் வாங்கினால் கிரீன் கார்டு பாதிக்குமா?

ஆஸ்பத்திரி தன் கொள்கைப்படி கொடுக்கும் தள்ளுபடி அரசு உதவித் திட்டம் அல்ல. மெடிக்கெய்ட் வேறு கதை, அந்த விதிகள் ஆட்சிக்கு ஆட்சி மாறுகின்றன, விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் ஃபார்வர்டை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள்.

படிவத்தைப் புரிந்துகொள்ள ஆங்கிலம் போதவில்லையே?

வட்டாரத்தில் அந்த மொழி பேசுவோர் 1,000 பேரோ 5 சதவீதமோ, எது குறைவோ அந்த அளவு இருந்தால் படிவத்தை மொழிபெயர்த்து வைக்க வேண்டும். தமிழ் அந்த அளவை எட்டும் இடங்கள் குறைவு. ஆனால் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கும் உரிமை உண்டு, போனில் தமிழ் பேசுகிறவரை இணைப்பார்கள். பத்து வயசுப் பிள்ளையை வைத்துப் பேச வைக்க வேண்டாம்.

விண்ணப்பித்தேன், மறுத்துவிட்டார்கள். அவ்வளவுதானா?

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பாதி நேரம் ஏதோ ஒரு தாள் குறைந்திருக்கும். உண்மையிலேயே வரம்பைத் தாண்டியிருந்தாலும், மருத்துவச் செலவு வருமானத்தில் பெரும்பங்கை விழுங்கினால் தனிப் பிரிவு வைத்திருக்கும் ஆஸ்பத்திரிகள் உண்டு, அதைக் கேளுங்கள். ஒவ்வொரு டெஸ்டும் மருந்தும் தனித்தனியாக எழுதிய பில் வாங்கிச் செய்யாத டெஸ்ட் ஏதாவது ஏறியிருக்கிறதா பாருங்கள். மேல்முறையீடு எழுதுங்கள். டாலர் ஃபார் என்ற தொண்டு நிறுவனம் சாரிட்டி கேர் விண்ணப்பத்துக்கு இலவசமாக உதவுகிறது.

கொள்கையில் இருந்தும் தர மறுத்தால் மாநில அட்டர்னி ஜெனரலிடம் (மாநில அரசின் தலைமை வக்கீல்) புகார் போகலாம். அது வெறும் மிரட்டல் இல்லை. வாஷிங்டன் அட்டர்னி ஜெனரல் 2022இல் ப்ராவிடன்ஸ் என்ற பெரிய அமைப்பின் மேல், உதவிக்குத் தகுதியானவர்களிடம் பணம் வசூலித்ததாக வழக்குப் போட்டார். 2024 பிப்ரவரியில் வந்த உடன்பாட்டில் சுமார் 137 மில்லியன் டாலர் கடன் ரத்தானது, கிட்டத்தட்ட 21 மில்லியன் நோயாளிகளுக்குத் திரும்பப் போனது.

என் கடனை யாராவது வாங்கி ரத்து செய்வார்களாமே?

அன்டியூ மெடிக்கல் டெப்ட் என்ற அமைப்பு (முன்பு ஆர்ஐபி மெடிக்கல் டெப்ட்) அதைத்தான் செய்கிறது, மொத்தமாகக் கடன்களை டாலருக்குச் சில சென்ட் விலையில் வாங்கி அழித்துவிடும். ஆனால் நீங்களாக விண்ணப்பிக்க முடியாது, ஒருநாள் தபாலில் கடிதம் வந்தால் உண்டு. அதை நம்பி 240 நாளைத் தவறவிடாதீர்கள்.